ஸ்டிக்கர் இருக்க ஹெல்மெட் எதற்கு?

கேள்வி: என் மகன் தினமும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பைக்கில் வேலைக்குப் போய் வருகிறான். வண்டியில் 91-ம் சங்கீத ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். "தேவதூதர்கள் காக்கிறார்கள், ஹெல்மெட் போடுவது அவிசுவாசம்" என்கிறான். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலிலேயே மலை இறங்குகிறான். கண்டித்தால் எனக்கு விசுவாசம் குறைவாம். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், அஸ்தம்பட்டி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, சகோதரி.

தம்பியை மத்தேயு 4-ம் அதிகாரத்தை எடுக்கச் சொல்லுங்கள். இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, "தாழக்குதியும்" என்ற சாத்தான் ஆதாரம் காட்டியது இதே சங்கீதத்தின் 11, 12 வசனங்களைத்தான். ஆனால் "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல்லை விட்டுவிட்டான். வழியே நடக்கிறவனுக்குத் தந்த வாக்கைக் குதிக்கிறவனுக்கு மாற்றப் பார்த்தான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று உபாகமத்திலிருந்து இயேசு மறுத்தார். அந்த வசனம் சொல்லும் மாசா, தண்ணீருக்காக வாதாடிய ஜனங்கள் "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்ட இடம். அவரைச் சோதித்துப் பார்ப்பது சந்தேகத்தின் வேலை. உங்கள் மகன் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை என்று கட்டளையிட்டவரும் கர்த்தரே (உபாகமம் 22:8). ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். அப்போஸ்தலர் 27-ல், கப்பலிலிருந்த 276 பேரில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று பவுலுக்குத் தேவதூதன் சொல்லியாயிற்று. அப்படியும் மாலுமிகள் படகிறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று போர்ச்சேவகரை எச்சரித்தவர் பவுல்தான். சேவகர் கயிற்றை அறுத்தார்கள். சிலர் நீந்தியும் சிலர் பலகைகளைப் பிடித்தும் எல்லாரும் கரை சேர்ந்தார்கள்.

இனி மலைக்கு வருவோம். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நியூட்ரலில் இன்ஜினின் இழுப்பு இல்லாததால் பாரம் முழுவதையும் பிரேக் சுமக்கும். விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். சாவியை அணைத்தால் விளக்கும் ஹாரனும் போய்விடும். பனிமூட்டத்தில் எதிரே ஏறும் பஸ்ஸுக்கு ஆள் வருவதே தெரியாது. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் முறை. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியென்றால், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டாலே பெரும்பாலும் பெட்ரோல் நின்றுவிடும். மிச்சம் என்ற கணக்கும் தப்பு. ஹெல்மெட்டின் தாடைப்பட்டையைப் பூட்டவில்லையென்றால் விழும்போது தலை தரையில் மோதுமுன்பே ஹெல்மெட் கழன்றுவிடும்.

எல்லாம் செய்தும் விபத்து நேரலாம். நேர்ந்தால் விசுவாசக் குறைவு என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அப்போஸ்தலர் 12-ல் யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டார், பேதுரு சிறையிலிருந்து விடுதலையானார். இருவரும் ஒரே கர்த்தரின் ஊழியர்கள். அதே 91-ம் சங்கீதம் 15-ம் வசனத்தில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. ஆபத்தே வராது என்று அந்த வசனம் சொல்லவில்லை.

ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லாதீர்கள், அது இருக்கட்டும். இந்த வாரமே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு பிரேக் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை நாள் நியூட்ரலில் இறங்கிய வண்டியில் அது நன்றாகத் தேய்ந்திருக்கும்.