உண்மையை எழுதினாலும் அவதூறு ஆகுமா?

கேள்வி: நான் எழுதியது அத்தனையும் உண்மை. என் மீது அவதூறு வழக்குப் போட முடியுமா?

முடியும். நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கு என்றால், உண்மை என்று நிரூபித்தாலே தப்பிக்கலாம். குற்ற வழக்கில் அது போதாது. எழுதியது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். 1860 தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு சொன்ன இதையே இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் சொல்கிறது. 2 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். உண்மை பேசியவனைக் கூண்டில் நிறுத்தும் சட்டம் இத்தனை காலம் நீடித்திருப்பது அநியாயம்.

கேள்வி: இந்தியாவில் பத்திரிகை மீது இதை முதலில் ஏவியது யார்?

1780இல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய வார இதழே இந்தியாவின் முதல் அச்சிட்ட செய்தித்தாள். அடுத்த ஆண்டே கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடுத்த அவதூறு வழக்கில் ஹிக்கி சிறைக்குப் போனார். உள்ளே இருந்தபடியும் இதழை நடத்தினார். 1782இல் அச்சு எழுத்துகளையே பறிமுதல் செய்த பிறகுதான் இதழ் நின்றது.

கேள்வி: 'ஆட்டோ சங்கர் வழக்கு' என்று வக்கீல்கள் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

பத்திரிகையாளர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டிய தீர்ப்பு அது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் செங்கல்பட்டு கிளைச் சிறையில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். காவல்துறை, ஆட்சிப்பணி அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த நெருக்கம் அதில் வந்தது. நக்கீரன் அதை வெளியிட முனைந்ததும், அது கைதி எழுதியதே அல்ல என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் அனுப்பி நிறுத்தச் சொன்னார். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அவதூறாகிவிடும் என்ற அச்சத்தில் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. ஆட்டோ சங்கரின் சம்மதம் இல்லாவிட்டாலும், பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவர் கதையை வெளியிடலாம்; அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமை மீறலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு கேட்க முடியாது. அதிகாரியின் பணி தொடர்பாக எழுதிய செய்தி தவறாகிப்போனாலும், நியாயமான அளவு விசாரித்து எழுதியிருந்தால் போதும். ஆகவே விசாரித்த குறிப்புகளைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பிறகு ஏன் அரசு அவதூறு வழக்குப் போடுகிறது?

அந்தப் பாதுகாப்பு நஷ்டஈட்டு வழக்குக்கு மட்டுமே. அமைச்சரின் பணி பற்றிய செய்திக்கு, அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்ற வழக்குத் தொடரலாம். 2020இல் பத்திரிகையாளர்கள் மீதான இத்தகைய வழக்குகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் சொந்தமாக யோசித்தே வழக்குத் தொடர வேண்டும் என்றது. குற்றப் பிரிவோ அப்படியே இருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றே சொல்லிவிட்டது. இலங்கை நாடாளுமன்றம் 2002லேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. நம் நாடாளுமன்றமும் அதைச் செய்யலாம்.