ஜப்பானின் தெருத் திருவிழா நடனமான அவா ஒடோரியில் ஆடுபவர்கள் எல்லாரும் தொழில்முறைக் கலைஞர்களா?

இல்லை. ஷிகோகு தீவின் தோகுஷிமா நகரில் ஆகஸ்ட் 12 முதல் 15 வரை, முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகைச் சமயத்தில், தெருவில் ஆடி வருகிறவர்களில் பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ‘ரென்’ என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடுவார்கள். கம்பெனி ரென், கல்லூரி ரென் எல்லாம் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவரும் ‘நிவாகா ரென்’னில் புகுந்துகொள்ளலாம், தனி உடைகூடத் தேவையில்லை. ஆனால் பேர்பெற்ற ரென்களின் ஆட்டத்தைப் பார்த்தால் ‘இவர்களா அமெச்சூர்?’ என்று தோன்றும். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறார்கள்.

அடவு கேட்க எளிது: வலது காலோடு வலது கை, இடது காலோடு இடது கை. ஆடிப் பாருங்கள், உடம்பு ஒத்துழைக்காது! ஆண்கள் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி ஆடுவார்கள். பெண்கள் மடித்த வைக்கோல் தொப்பி முகத்தைப் பாதி மறைக்க, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கெத்தா என்ற மரச்செருப்பின் முன்பகுதியை மட்டும் ஊன்றி நகர்வார்கள். பாதம் என்ன பாடுபடும்! ஆண் பாணியில் ஆடும் பெண்களும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான்.

ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், புல்லாங்குழல், மேளம் இருந்தாலும் வேகத்தைப் பிடித்துவைப்பது ‘கானே’ என்ற சின்ன உலோகச் சேகண்டிதான்.

தோகுஷிமா தூரம் என்றால், டோக்கியோவின் கோஎன்ஜியில் 1957 முதல் ஆகஸ்ட் கடைசியில் இதே ஆட்டம் நடக்கிறது.