1780 என்று பொறித்த வெள்ளிக்காசு: உண்மையில் எந்த ஆண்டினது?

கேள்வி: என் தாத்தா ஏமனில் உள்ள ஏடன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பெரிய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் முக்காடிட்ட, பூசினாற்போன்ற உடல்வாகுள்ள பெண். மறுபக்கம் இரட்டைத்தலைக் கழுகு, 1780 என்ற ஆண்டு. இது 240 ஆண்டுப் பழமையான காசுதானா? லட்சக்கணக்கில் விலை போகும் என்று இணையத்தில் சொல்கிறார்கள். வெளிநாட்டில் ஒருவர் தபாலில் அனுப்பச் சொல்கிறார். கறுத்துப்போயிருக்கிறது, விபூதி போட்டுத் துலக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. துலக்காதீர்கள். விபூதி, பற்பசை, புளி, எலுமிச்சை எதுவுமே வேண்டாம். வெள்ளியில் காலப்போக்கில் படியும் கருமையைச் சேகரிப்பாளர்கள் குறையாக நினைப்பதில்லை. சொல்லப்போனால் அதைத்தான் விரும்புகிறார்கள். தேய்த்த காசில் விழும் நுண்கீறல்கள் லென்ஸ் வைத்தால் உடனே தெரிந்துவிடும். அவற்றைப் பிறகு எந்த வழியிலும் போக்க முடியாது. தூசியோ பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். அது போதும்.

இனி காசுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் மரியா தெரேசா தாலருக்குப் பொருந்துகின்றன. ஆஸ்திரியாவை ஆண்டவர் மரியா தெரேசா. ஹங்கேரிக்கும் பொஹீமியாவுக்கும் அவரே அரசி. கணவர் முதலாம் பிரான்சிஸ் 1765-இல் இறந்த பிறகு வந்த காசுகளில் அவர் கைம்பெண்ணுக்குரிய முக்காட்டுடன் இருப்பார். அவர் மறைந்தது 1780 நவம்பர் 29. ஆனால் அந்த ஆண்டு பொறித்த காசின் வாழ்க்கை அதோடு முடியவில்லை.

காப்பி வணிகத்தின் வழியாக இந்தத் தாலர் செங்கடலின் இரு கரைகளிலும், ஏமனிலும் எத்தியோப்பியாவிலும், வேரூன்றியிருந்தது. அங்குள்ள வணிகர்கள் முகமோ ஆண்டோ மாறிய காசைத் தொட மறுத்தார்கள். அதனால் அரசி இறந்த பிறகும் அதே உருவத்தோடும் அதே 1780-உடனும் காசு அடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1867-68-இல் ஜெனரல் நேப்பியரின் பிரிட்டிஷ் படை பம்பாயிலிருந்து எத்தியோப்பியாவுக்குப் போனபோது, வழிச்செலவுக்கே வியன்னாவில் தாலர்களை அடித்து வாங்க வேண்டியிருந்தது. 1935-இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலி, ஆஸ்திரியாவிடமிருந்து அச்சடிக்கும் உரிமையைப் பெற்று ரோமில் அடித்தது. அதையடுத்து லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நாணயச்சாலைகளும் இறங்கின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையும் இதை அடித்தது. ஏடனில் இருந்தவர் கையில் வந்த காசு என்பதால், உங்களுடையது பம்பாயில் பிறந்ததாகவே இருக்கலாம். வியன்னாவில் இன்றைக்கும் அடிக்கிறார்கள், அதே 1780-உடன்.

ஆகவே ஆண்டைப் பார்த்து வயதைச் சொல்லவே முடியாது. முதலில் காசு அசல் வெள்ளியா என்று பாருங்கள். தாலரின் எடை 28.07 கிராம், அதில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு. குறுக்களவு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். கைமாறித் தேய்ந்த காசில் கால் கிராமோ அரை கிராமோ குறைந்திருந்தால் பாதகமில்லை.

எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். நகைக்கடைத் தராசு போல நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு 2.75 கிராம் அளவில் காட்ட வேண்டும். 3.2, 3.3 என்று காட்டினால் உள்ளே இருப்பது பித்தளை போன்ற மலிவான உலோகம். காசில் ஒரு கீறல்கூட விழாத சோதனை இது. உரைகல்லில் தேய்க்க யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அடுத்து விளிம்பு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை, எனக்கோ முதலில் கண் போவது அங்கேதான். 'யுஸ்டிட்டியா எட் கிளெமென்டியா', அதாவது 'நீதியும் கருணையும்' என்ற அரசியின் குறிக்கோள் வாசகம் லத்தீனில் சுற்றி ஓடும். இடையிடையே பூவேலைப்பாடு இருக்கும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுபவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. வார்ப்பில் ஊற்றிய போலிகளில் இந்த எழுத்துகள் மழுங்கி, கரைந்தாற்போல் தெரியும். மேற்பரப்பிலும் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். விளிம்பில் பற்றுவைத்த தழும்போ அடைத்த துளையோ இருந்தால், ஒரு காலத்தில் கழுத்தணியில் கோத்திருந்த காசு என்று பொருள். அந்தப் பகுதிப் பெண்கள் தாலர்களை நகையாக அணிவது வழக்கம். சேகரிப்பாளர் விலையை அது குறைக்கும்.

அரசியின் உருவத்துக்குக் கீழே எஸ்.எஃப். என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். குன்ஸ்பூர்க் நாணயச்சாலை அதிகாரிகளான ஷோபல், ஃபாபி ஆகியோரின் முதலெழுத்துகள் அவை. அவற்றைப் பார்த்ததும் அசல் பழையது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். பிற்கால நாணயச்சாலைகள் அந்த எழுத்துகளையும் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டன. வேறுபாடு நுணுக்கங்களில் இருக்கிறது: அரசியின் தோளில் உள்ள ஊசிப்பதக்கத்தைச் சுற்றிய முத்துகள், தலையணியின் முத்துகள், கழுகின் வால் இறகுகளின் அமைப்பு, ஆண்டுக்குப் பின்னால் வரும் சிறு பெருக்கல் குறியின் வடிவம். அரேபிய வணிகர்களே பதக்கத்து முத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் காசை வாங்கினார்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வாங்கி, பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்து இந்த நான்கு இடங்களையும் படமெடுங்கள். தாலர் வகைகளுக்கென்றே உள்ள பட்டியல் நூல்களின் படங்களோடு ஒப்பிட்டால் நாணயச்சாலையும் காலமும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

விலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட காசு இது. 20-ஆம் நூற்றாண்டில் அடித்ததாக இருந்தால், உள்ளே இருக்கும் சுமார் 23.4 கிராம் வெள்ளிக்கு விற்கும் நாளில் உள்ள விலையும் அதற்கு மேல் கொஞ்சமும் கிடைக்கும். அரசி உயிரோடு இருந்தபோது அடித்ததென்று உறுதியானால் கதை வேறு, அது அபூர்வம். லட்சம் தருகிறேன் என்று சொல்லி முன்பணமோ, கமிஷனோ, வரியோ கேட்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள். பழைய காசு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் வசூலிக்கும் மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

வெளிநாட்டுக்கு அனுப்புவதும் வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. உங்கள் காசின் வயது தெரியாதவரை தபாலில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

பி.வி.சி. உறையில் போட்டுவைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும். சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும், பி.வி.சி. இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். கூடவே ஒரு தாளில் தாத்தா ஏடனில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று எழுதிவையுங்கள். அவருடைய பழைய பாஸ்போர்ட்டோ கடிதமோ கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். பம்பாய் அச்சா, லண்டன் அச்சா என்ற ஐயம் வரும்போது அந்த ஆண்டுகள் உதவும்.