இரண்டரை வயதுப் பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். மகனுக்கு இரண்டரை வயது. எடை குறைவு. ‘அம்மா’, ‘தா’ என்று ஒற்றைச் சொல்தான் பேசுகிறான். “பால்வாடியில சோறு போட்டுத் தூங்கத்தான் வைப்பாங்க, பிளே ஸ்கூல்ல சேத்துவிடு” என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: அங்கன்வாடியிலேயே சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்தாலே சேர்த்துக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது. மாமியார் சொல்லும் அந்தச் சோறும் முட்டையும் உங்கள் மகனுக்கு இப்போது மிகவும் தேவை. மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் கோடு போடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோடு மேலே ஏறாமல் படுத்தே கிடந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள்.

எனக்கு எடையைவிடப் பேச்சுதான் கவலை தருகிறது. இந்த வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல்லாவது சேர்த்துப் பேச வேண்டும். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக்கு வரும். தேவைப்பட்டால், வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி இலவசம். குழு வரும்வரை பொறுக்காமல், இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சமையல், எடை, பதிவேடு என எல்லாம் ஓரிருவர் தலையில் விழுந்தால் கற்பிக்க நேரம் எங்கே? தமிழ்நாட்டில் 640 மையங்களை எடுத்துக்கொண்டு நடந்த ஓர் ஆய்வில், பாதி மையங்களில் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகளின் மொழியும் கணக்கும் தேறின. உயரக் குறைபாடும் குறைந்தது. ஆகவே ஒரு நாள் முற்பகலில் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கன்வாடிக்கான ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டப்படி பாட்டும் கதையும் நடக்கிறதா? டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுக்கிறாரா? பேச்சு தாமதமான பிள்ளைக்கு அந்தப் பொறுமையே பெரிய உதவி. நாலு கோடு நோட்டைக் கொடுத்து ஏ பி சி டி எழுதச் சொல்லும் பிளே ஸ்கூல் இப்போது வேண்டவே வேண்டாம். களிமண் பிசையவும் காகிதம் கிழிக்கவும் விடுங்கள், விரல் தானே பழகும்.

உங்கள் வேலை நேரத்துக்கு அங்கன்வாடி நேரம் ஒத்துவராமல் போகலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கம்பெனியில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். சிறு பிள்ளை வைத்திருக்கும் மற்ற அம்மாக்களிடமும் கையெழுத்து வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.