நீலப் பீப்பாயில் வினைல் ஸ்டிக்கர் ஏன் நிலைத்து ஒட்டுவதில்லை?

தன்மேல் படும் நீரையோ பசையையோ ஒரு பொருள் எந்த அளவுக்கு ஈர்த்துப் பரவவிடுகிறது என்பதையே மேற்பரப்பு ஆற்றல் என்கிறோம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வைக்கும் நீலப் பீப்பாய் பாலிஎத்திலீனால் ஆனது. அதன் ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லிநியூட்டன் மட்டுமே என்பதால், சேம்பிலையில் மழைத்துளி ஒட்டாமல் உருள்வதைப் போல, பசை பரவாமல் மேலோட்டமாகவே நிற்க, ஸ்டிக்கரின் ஓரம் விரைவில் சுருண்டு எழும்புகிறது. மோட்டார் சைக்கிளின் ஏபிஎஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அந்த அளவு சுமார் 40 என்பதால் பிடிப்பு உறுதியாகிறது.

பீப்பாய்க்கு, இத்தகைய பரப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட பசையுள்ள வினைலைக் கேட்டு வாங்கி, பீப்பாயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஒட்டுவதே என் பரிந்துரை (சோப்புப் படலமே பாதி வேலையைக் கெடுத்துவிடும்). ஸ்டிக்கர் மட்டமானது என்று கடைக்காரரைக் கடிந்துகொள்வோர் பலர். அதையே மோட்டார் சைக்கிளில் ஒட்டிவிட்டால், உரிக்கும்போது நகம் நோகும்.