நுரையீரல் ஹைடாடிட் கட்டி: ஊசியால் உறிஞ்சலாமா?
ஐயா, வணக்கம். தங்கள் தாயாரின் வலது நுரையீரலில் 8 செ.மீ. ஹைடாடிட் கட்டி (நாடாப்புழுவின் இளம்பருவத்தால் உண்டாகும், நீர் நிறைந்த கட்டி) இருப்பதாகவும், அறுவை இல்லாமல் ஊசியால் நீரை உறிஞ்சிவிட முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கல்லீரல் கட்டிகள் சிலவற்றுக்குப் பொருந்தும் அந்த முறை நுரையீரலுக்கு ஆகாது. நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம், நாடாப்புழுவின் இளம்பருவங்கள் சிதறிப் புதிய கட்டிகளும் உருவாகலாம். அறுவையில், சுற்றிலும் செறிந்த உப்புக்கரைசலில் நனைத்த துணிகளை அடுக்கி, அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போலிருக்கும் உட்சவ்வை முழுதாக எடுத்தபின், அங்கே திறந்திருக்கும் மூச்சுக்குழல் வாய்களை ஒவ்வொன்றாகத் தைத்து மூடுவார்கள். நுரையீரல் மடலையே வெட்டி அகற்றும் தேவை பெரும்பாலும் வராது என்பது உண்மையிலேயே ஆறுதலான செய்தி. அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மாத்திரையைத் தாங்களாகத் தொடங்காதீர்கள், பெரிய கட்டி அதனால் உடையக்கூடும். கல்லீரலையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இருமும்போது உப்புக்கரிக்கும் நீரோ, திராட்சைத் தோல் போன்ற சவ்வோ வெளிவந்தால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.