ஏர்கானும் ஹீட்டரும்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, செம்பனை ஆலையில் வேலை கிடைத்து, மனைவியும் கைக்குழந்தையுமாக இங்கே மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். படுக்கையறை ஏர்கான் குளிரவில்லை, சுவரில் தண்ணீர் வழிகிறது, பார்க்க வந்தவர் குளிரூட்டும் காஸ் தீர்ந்துவிட்டது என்கிறார். குளியலறைத் தண்ணீர் ஹீட்டரைப் போட்டால் வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது. கூடத்துக் காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. பேசாமல் மதுரை வீட்டில் இருந்ததைப் போல ஒரு ஏர்கூலர் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கூலர் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. மதுரையின் காய்ந்த வெயிலுக்கு அது சரி. இந்தப் பேராக் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது, அதில் இன்னும் எங்கே ஆவியாகும்? அறை புழுங்கும், பீரோவிலிருக்கும் பட்டுப் புடவையில் பூஞ்சணம் பிடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுத் தகரக் கூரைக்கடியில் வெறும் காற்றாடியோடு காலம் தள்ளியவள் நான். இங்கே நம்மைப் படுத்துவது வெயிலைவிட ஈரம்தான். உங்கள் வீட்டுக் கோளாறுகளிலும் அதன் கை இருக்கிறது.

முதலில் ஹீட்டர், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. அதைப் போட்டவுடன் மெயின் சுவிட்ச் விழுகிறது என்றால், பெரும்பாலும் சூடேற்றும் கம்பியின் காப்பு கெட்டு, மின்சாரம் தண்ணீர் வழியாகவோ உலோகப் பாகம் வழியாகவோ எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். சுவிட்ச் விழுவது உங்களைக் காப்பாற்றத்தான். திரும்பத் திரும்ப அதைத் தூக்கிவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். ‘இது வீண் தொல்லை, கழற்றி நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன்’ என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவு பெற்ற வயர்மேனையே கூப்பிடுங்கள். இங்குள்ள விதிப்படி ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் கசிவுத் தடுப்பு சுவிட்ச் வேண்டும். பிளக் பாயிண்டுகளுக்கு 30 போதும். ஹீட்டருக்கென்று அது தனியாக இருந்திருந்தால் வீடே இருட்டாகியிருக்காது. தனியாக மாட்டித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள், உரிமையோடு கேட்கலாம். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது சும்மா சுவரில் தொங்குகிறது என்று அர்த்தம்.

ஊரில் போல 15 லிட்டர் கீசர் மாட்டலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேவையில்லை. இங்கே குழாய்த் தண்ணீர் ஒருபோதும் பனிபோல் வருவதில்லை, ஓடும் தண்ணீரை அப்போதே சூடாக்கும் உடனடி ஹீட்டரே போதும். சூடு குறைவாக வந்தால் தண்ணீர் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீரே மெல்ல வந்தால், ஹீட்டருக்குள் நுழையும் இடத்திலிருக்கும் சிறு வலையில் மண் அடைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

இடி மின்னல் நாட்களில் ஹீட்டர் போடாமலே மெயின் விழும், அதற்குப் பயப்பட வேண்டாம். எல்லாச் சிறு சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு, மெயினைத் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மெயின் மறுபடி விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் குளிர்பெட்டியில் மீனை வைத்துவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரு மின்னல் போதும், திரும்பி வந்து கதவைத் திறக்க முடியாது.

இனி ஏர்கான். குளிராததும் தண்ணீர் வழிவதும் இரண்டு நோய் மாதிரித் தெரிகின்றன, பல வீடுகளில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவிப் பாருங்கள். ஆலைக்குப் பக்கத்துத் தாமான்களில் அது கரிபடிந்து சாம்பல் கம்பளி போலாகிவிடும். செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கும் உங்கள் ஆலைக் கொதிகலனின் புகைதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. காற்று உள்ளே போகாமல் குளிர்க்குழாய்மேல் பனிக்கட்டி பிடிக்கும். பனி பிடித்தால் அறை குளிராது. அது உருகும்போது அடியில் நீர் பிடிக்கும் தட்டு நிரம்பிச் சுவரில் வழியும். ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அதை மாட்டி, விசிறி மட்டும் ஓடும்படி ஒரு மணி நேரம் வையுங்கள், பனி கரைந்துவிடும்.

பிறகு குளிர்ச்சியில் ஓடவிட்டு வெளியே போய் வடிகுழாயின் நுனியைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்ட ஆரம்பிக்க வேண்டும். சொட்டவில்லை என்றால் உள்ளே பச்சைப் பாசி வழுவழுவென்று அடைத்திருக்கும், சில சமயம் எறும்புக் கூடும் சேர்ந்திருக்கும். நுனி சாக்கடைச் சேற்றில் புதைந்திருந்தால் வெட்டிச் சற்று உயர்த்துங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பனி பிடித்தால்தான் காஸைப் பற்றிப் பேச வேண்டும். காஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. வந்தவரிடம் கசிவு எங்கே என்று கேளுங்கள். குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். கசிவை அடைக்காமல் வருடாவருடம் காஸ் ஏற்றிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம், அந்தப் பணத்தில் ஒரு புது ஏர்கானே வாங்கியிருக்கலாம். வெளிப்பெட்டியின் தகட்டில் ஆர்32, ஆர்410ஏ என்று எது எழுதியிருக்கிறதோ அந்தக் காஸ்தான் போட வேண்டும். ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது, அரைகுறை ஆளிடம் கொடுக்காதீர்கள். வெளிப்பெட்டி அசையவே இல்லை என்றால் மின்பலகையில் பல்லி செத்துக் கிடக்கிறதா என்று அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், இங்கே சகஜம்.

புதிது வாங்கும் நிலை வந்தால் கடையில் டன் கணக்கு கேட்காதீர்கள், குதிரைத்திறனில்தான் விற்கிறார்கள். 1 குதிரைத்திறன் என்றால் சுமார் 9,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு). ஊரில் நாம் சொல்லும் 1 டன் 12,000 பிடியு, அந்த அளவு வேண்டுமென்றால் இங்கே 1.5 குதிரைத்திறன் கேளுங்கள். சிறிய படுக்கையறைக்கு 1 போதும்.

கூடத்துக் காற்றாடி மெதுவாகச் சுற்றுவதற்குப் பெரும்பாலும் அதைச் சுழலவைக்க உதவும் கெப்பாசிட்டர் என்ற சிறு மின்பாகம்தான் காரணம். மின்சாரத்தை நிறுத்தியபின் பழையதைக் கழற்றி, அதில் எழுதியிருக்கும் அதே அளவைச் சாமான் கடையில் காட்டி வாங்குங்கள்.